நான் போடாத வெற்றிலை

என் நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரை நான் புகையிலையைத் தொட்டதில்லை. வெற்றிலை என்றால், கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுப்பதை வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பேன். வாடியதும் எடுத்துப் போட்டுவிடுவேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவர்கூட நம்பவில்லை.

காரணம் என்று ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஒரு கடைவாய்ப் பல்லைச் சொல்லலாம். பாதி உடைந்து, முனை கூராகி, நாக்கை உரசிக்கொண்டே இருந்தது. பல் டாக்டர் அதை ராவிவிட்டார். புண் ஆறவில்லை. கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் எங்கள் வீட்டருகே இருக்கும் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், தேன் தடவிப் பார்த்தேன், இரண்டு மாதம் வீணாய்ப் போனது. அப்புறம் தெற்குக் கல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் சதையைக் கிள்ளிப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. "ஆரம்ப நிலைதான்" என்று அங்கே எல்லோரும் எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் விசாரணை தொடங்கியது. மேல்மாடி வங்காளி அம்மாள், அண்ணி முறையில் நான் பௌதி என்று கூப்பிடுகிறவள், இருபது வருடமாக என் கையால் ரசம் வாங்கிக் குடித்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொல், உங்கள் ஆட்கள் சாப்பிட்டதும் வெற்றிலை போடுவீர்கள்தானே என்று கேட்டாள். லேக் மார்க்கெட்டில் நான் காப்பிப் பொடி வாங்கும் கடைக்காரர் தமிழர்தான், அவரும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, குட்கா கிட்கா எதாவது..." என்று இழுத்தார். தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் காப்பிப் பொடியை வேறு கடையில் வாங்கினேன். வாயில் புற்று வந்தால் வாய் ஏதோ குற்றம் செய்திருக்க வேண்டும் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல நான் மறைக்கிறேன் என்றுதான் அவர்களுக்குப் படுகிறது. எனக்கு நோயைவிட இதுதான் அப்போது அதிக எரிச்சலாக இருந்தது.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாற்றலில் கல்கத்தா வந்தோம், இங்கேயே ஒட்டிக்கொண்டோம். பம்போ மோட்டாரோ கேபிளோ எது நின்றுபோனாலும் அறிக்கை எழுத வேண்டியது அவர்தான். அந்த அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து தாள் திரும்பி வந்துவிடும். 'தெரியவில்லை' என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். அதனால் காரணம் புரியாத பழுதுக்கெல்லாம் அவர் பிரிவில் 'எலி கடித்தது' என்று எழுதுவது வழக்கம். அடுத்த கட்டம் 'தடுப்பு நடவடிக்கை'. அதில் 'எலிப்பொறி வைக்கப்பட்டது'. அவ்வளவுதான், கோப்பை மூடிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. நாக்கில் புண்ணையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதித்தார்கள். அவற்றுக்குள் நோய் போகவில்லை. ஆனால் வெட்டி எடுத்த துண்டைச் சோதித்த அறிக்கையில் ஒரு சிக்கல். ஒரு பக்கத்தில் புற்றுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே இருந்த நல்ல சதை மெல்லியதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால் கவலையில்லை, ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்தே ஆக வேண்டும். என்னுடையது இரண்டுங்கெட்டான். கொடுத்தால் ஆறு வாரம் வாய் வெந்துபோகும், எச்சில் வற்றும், ருசி போகும், பற்கள் போனாலும் போகும். கொடுக்காமல் விட்டால் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். திரும்பி வருமா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், மற்றதை முடிவு செய்துவிடலாம்.

அந்தக் கேள்விக்காகவே அந்த மருத்துவமனையில் கணினியில் ஒரு புதிய கணிப்பு முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வயது, புண்ணின் அளவு, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ஓரம் எவ்வளவு, புகையிலைப் பழக்கம் உண்டா, நிறுத்தியாயிற்றா என்று எல்லாவற்றையும் உள்ளே போட்டால் திரும்பி வரும் அபாயம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று சொல்லுமாம். அதைக் கவனித்துக்கொண்டவர் ஒரு இளம் பெண் மருத்துவர். என் மகனைவிடச் சின்னவள், வங்காளிப் பெண், சித்தி என்கிற மாதிரி என்னை மாஷிமா என்று கூப்பிடுவாள். அவள் படிவத்தோடு வந்த நாளில் எனக்கு மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு, வாயைத் திறந்தால் எச்சில்தான் வரும், பேச்சு வராது. என்னைக் கட்டு மாற்ற அழைத்துப்போன அரை மணி நேரத்தில் அவள் என் கணவரைக் கேட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்ததும் அவரே சொன்னார், "எல்லாம் சொல்லிட்டேன், நீ கவலைப்படாத" என்று. நானும் கவலைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனோம். அப்போது எனக்குப் பேச்சு கொஞ்சம் வந்திருந்தது. ழகரமும் ரகரமும் மட்டும் நொண்டின. அந்தப் பெண் எங்களைப் பார்த்ததுமே சிரித்தாள்.

"நல்ல செய்தி மாஷிமா. குறைவுன்னு வந்திருக்கு. ரேடியேஷன் வேண்டாம், மாசா மாசம் வந்து காட்டினா போதும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். நீங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஜர்தா வெத்தலைய நிறுத்தினீங்களே, அது ரொம்பப் பெரிய விஷயம். இனிமே தொடவே கூடாது, சரியா?"

எனக்கு முதலில் அவள் வேறு யாருடைய கோப்பையோ பார்த்துப் பேசுகிறாள் என்றுதான் தோன்றியது. எட்டி அந்தத் திரையைப் பார்த்தேன். என் பெயர்தான், என் வயதுதான். கீழே ஜர்தாப் புகையிலை போட்ட வெற்றிலை, தினமும், பத்து வருடம், நிறுத்தியாயிற்று என்று இருந்தது. என் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேஜைக்குக் கீழே அவர் கை வந்து என் கையை அழுத்தியது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னதில் 'குறைவு' என்ற சொல்தான் என் காதில் முதலில் விழுந்தது, அதை விட மனம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

கல்கத்தா பஸ்ஸில் தமிழில் சண்டை போடுவதில் ஒரு வசதி, எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் புரியாது. உட்கார இடம் கிடைத்த நிமிடமே ஆரம்பித்தேன்.

"நான் என்னிக்குங்க ஜர்தா போட்டேன்?"

"கத்தாத. தையல் பிரிஞ்சுடப் போகுது."

"பத்து வருஷம்! தினமும்! கூடவே இருந்து எண்ணினீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பக்கத்து பெட்டுக்காரர்கிட்ட டாக்டரம்மா சொல்லிட்டிருந்தாங்க. புகையிலைய நிறுத்தினவங்களுக்குத் திரும்பி வர்றது கம்மியாம். நீ எதையுமே ஆரம்பிக்கல. அப்ப எதை நிறுத்துவே? நிறுத்தறதுக்கு ஒண்ணு வேணாமா?"

"அதனால எலி கடிச்சிருச்சுன்னு எழுதிட்டீங்க."

அவர் கண்டக்டரைக் கூப்பிட்டு டிக்கெட் வாங்கினார்.

என் கோபத்தில் ஒன்று எனக்கே ஆறவில்லை. நான் இல்லை என்று ஆயிரம் தடவை சொன்னபோது நம்பாத உலகம், அவர் ஒரே ஒரு தடவை ஆமாம் என்றதும் நம்பிவிட்டது. அறுவைக்கு முன்னால் நானே என் வாயால் சொன்ன 'பழக்கம் எதுவும் இல்லை' அதே கோப்பில் முன்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் மறைப்பார்கள், கணவன்மார் உண்மையைச் சொல்வார்கள் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

ஆனாலும் பதினோரு நாள் நான் அந்தப் பொய்யின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். பௌதியிடம் சொன்னேன், ஊரில் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன், அபாயம் குறைவாம், கணினியே சொல்லிவிட்டதாம். புனேயில் இருக்கும் மகனிடம் மட்டும் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வங்காளம் சரளமாக வரும், தமிழ் தடுக்கும். "லோ தானே மா சொல்லியிருக்கு? விடேன். எதுக்கு நோண்டறே?" என்றான். அப்பா எப்படியோ பிள்ளை அப்படி.

நோண்டாமல் இருக்க முடியவில்லை. தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாக்கை நீட்டிப் பார்ப்பேன். தையல் போட்ட இடம் வெளுத்து, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். நன்றாகத்தானே இருக்கிறது, குறைவுதானே என்று சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் குறைவு எனக்கு வந்ததே இல்லை. பத்து வருடம் ஜர்தா போட்டு, இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்திய ஒரு பெண்ணுக்கு வந்தது. அப்படி ஒருத்தி இருந்தால் அவள் நன்றாக இருக்கட்டும். என் நாக்கைப் பற்றி யாருமே இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. எங்களுக்கெல்லாம் பின்னால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கணிப்பைச் சரி செய்வார்களாம். அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள். அப்படியானால் நாளைக்கு என்னைப் போலவே ஒன்றும் போடாத ஒருத்தி வந்து நிற்கும்போது, அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் என் பெயரில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். அவளையும் இதே கேள்விதான் கேட்பார்கள், அவளையும் நம்ப மாட்டார்கள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன் அவரிடம்.

"எதுக்கு? அவங்களே வேணாம்னுட்டாங்க. நீயா போய் ரேடியேஷன் கேட்டு வாங்கிக்குவியா?"

"எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?" என்று கத்தினார். அவர் கத்துவது அபூர்வம். ஆனால் மறுநாள் எனக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் புகையிலையே தொட்டதில்லை, எழுதியிருப்பது தப்பு, திருத்துங்கள் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மிகவும் கனிவாக என்னைப் பார்த்தாள்.

"வெட்கப்பட ஒண்ணும் இல்ல மாஷிமா. இங்க வர்ற நிறைய பேர் முதல்ல ஒத்துக்கிட்டு அப்புறம் இல்லேம்பாங்க. நாங்க யாரையும் திட்ட மாட்டோம்."

எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவே இல்லையே அம்மா, நான் பேசவே முடியாமல் கிடந்தேனே என்று சொல்ல நினைத்தது, வாய் குழறி, பாதி வங்காளமும் பாதி தமிழுமாக வந்தது. நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. அழுகையும் வந்துவிட்டது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கனிவைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் என் கணவர் எழுந்து நின்றார். அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, "ஆமி மித்தே போலேச்சி" என்றார். நான்தான் பொய் சொன்னேன் என்று அர்த்தம். முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் அவருடைய வங்காளம் காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னார். ஏன் சொன்னார் என்று கேட்டதற்கு அவரால் விளக்க முடியவில்லை. நான்தான் விளக்கினேன். அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு அவள் பழைய விவரத்தை அழித்து, பழக்கம் இல்லை என்று போட்டு, மறுபடி கணக்குப் பார்த்தாள். நடுத்தரம் என்று வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அவளே சொன்னாள், "இதையும் நம்பாதீங்க மாஷிமா. இந்தக் கணக்குக்குள்ள இருக்கறவங்க பெரும்பாலும் புகையிலை போட்டவங்க. உங்கள மாதிரி இருக்கறவங்க ரொம்பக் கொஞ்சம். அவங்கள வெச்சு உங்களுக்குச் சொல்றது சரியா இருக்குமான்னு எங்களுக்கே தெரியல."

"அப்ப எனக்குத் திரும்பி வருமா, வராதா?"

"தெரியாது."

இதற்காகவா இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று இருந்தது. யாராவது ஒருவர் ஒரு விஷயத்தை எனக்கு என்று, எனக்கு மட்டும் என்று சொல்ல மாட்டார்களா? அறுவை செய்த பெரிய டாக்டரும் வந்தார். ஓரம் மெல்லியது, அது மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார். கணினி குறைவு என்றதால்தான் விட்டேன், இப்போது கொடுப்பது நல்லது என்று படுகிறது, ஆனால் வற்புறுத்த மாட்டேன், கொடுப்பதானால் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார். பதினோரு நாளை நான் சும்மா விட்டிருந்தேன். கதிர்வீச்சுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். தைரியத்தில் போடவில்லை, பயத்தில்தான் போட்டேன்.

ஆறு வாரம், ஞாயிறும் சனியும் தவிர தினமும். துர்கா பூஜைக்கு முந்திய மாதம் அது; கரியாஹாட் வழியாக வரும்போது பஸ் நகரவே நகராது, இரண்டு பக்கமும் புடவைக் கடைகளில் ஊரே நின்றுகொண்டிருக்கும். நான் வெந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் தண்ணீர் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். மூன்றாவது வாரத்தில் ருசி போனது. முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் உப்பு. குழைந்த தயிர் சாதம் ஈரமான காகிதத்தைத் தின்பது போல இருந்தது. ஆறு வாரம் முடிந்தும் ருசி வரவில்லை. வருமா என்று கேட்டேன், பெரும்பாலும் வரும் என்றார்கள். இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் கை துறுதுறுக்கிறது.

சமையலை மட்டும் விடவில்லை. ருசி பார்க்காமல் கைப் பழக்கத்தில் செய்வேன். தட்டில் போட்டுவிட்டு எதிரே நின்று கேட்பேன், "உப்பு சரியா இருக்கா?" அவர் தினமும் "சரியா இருக்கு" என்பார். எப்படி நம்புவது? என் வாயைப் பற்றிப் பொய் சொன்னவர், தன் வாயைப் பற்றிச் சொல்வாரா மாட்டாரா? கேட்டுவிட்டு முகத்தையே பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

போன வாரம் மதியம் கத்திரிக்காய் சாம்பார். வழக்கம் போலக் கேட்டேன். "சரி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"கூட இருக்கு" என்றார். "வாயில வைக்க முடியல."

"நேத்து?"

"நேத்து உப்பே இல்ல."

"முந்தாநாள்?"

"விடேன்."

எனக்குக் கோபமும் வந்தது, ஏதோ ஒரு நிம்மதியும் வந்தது. அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்ப இதையும் சொல்லுங்க. திரும்பி வந்துடுமா?"

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

நான் அவர் தட்டிலிருந்து அந்தச் சாதத்தை வழித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, தயிர் ஊற்றினேன்.